லேப்டாப் ஓரத்தில் இரண்டு ஓட்டை, இதில் மோடம் எது?

சின்னஓட்டை:
அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய லேப்டாப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இடது ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுர ஓட்டைகள். பெரியதில் லேன் கேபிள் கச்சிதமாக உட்காருகிறது. சின்னதில் நுழையவே இல்லை, அதன் மேல் டெலிபோன் படம் வேறு. அதுதான் மோடம் என்கிறான் நண்பன். ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியையும் மோடம் என்கிறார்கள், சிம் போட்டு யூஎஸ்பியில் செருகுவதையும் அப்படியே சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றா? பயணத்தில் இணையம் வேண்டும். எதை வாங்குவது?

பழையடயலர்:
தம்பி, மூன்றும் செய்யும் வேலை ஒன்று, போகும் பாதைதான் வேறு.

டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காகப் போட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் அதில் ஒழுங்காகப் போகும். லேப்டாப்பிடம் இருப்பதோ வெறும் 0, 1. அதை அந்த எல்லைக்குள் அடங்கும் ஓசையாக மாற்றுவது மாடுலேஷன், மறுமுனையில் ஓசையிலிருந்து 0, 1-ஐ மீட்பது டிமாடுலேஷன். இரண்டு சொல்லின் தலையையும் வெட்டி ஒட்டினால் மோடம்.

1962-இல் வந்த பெல் 103 மோடத்தைப் பார்த்தால் சட்டென்று புரியும். அழைத்த பக்கம் 1-க்கு 1270 ஹெர்ட்ஸ், 0-க்கு 1070 ஹெர்ட்ஸ் என்று விசிலடிக்கும். எடுத்த பக்கம் 2225, 2025. சுருதி வேறு வேறு என்பதால் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். வேகம் நொடிக்கு 300 பிட் (ஒரு 0 அல்லது 1 என்பது ஒரு பிட்), அதாவது முப்பது எழுத்து. பிறகு சுருதியோடு நிற்காமல் அலையின் உயரத்தையும், அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கட்டத்தையும் (ஃபேஸ்) மாற்றி, ஒரே அசைவில் பல பிட்களை ஏற்றினார்கள். அப்படித்தான் நொடிக்கு 33.6 கிலோபிட் வந்தது, 1998-இல் வி.90 தரத்தோடு தரவிறக்கத்துக்கு 56 கிலோபிட். நடைமுறையில் 56-ஐ நான் ஒருநாளும் கண்டதில்லை, 44 வந்தாலே அன்று நல்ல நாள்.

இணையும்போது கீச்சென்று ஒரு நீள விசில் வருமே, அது 2100 ஹெர்ட்ஸ். எதிரொலியை அடக்கும் வேலையை நிறுத்து என்று டெலிபோன் வலைப்பின்னலுக்குச் சொல்வது. அப்புறம் வரும் கரகரப்பில் இரண்டு மோடமும் கம்பியின் தரத்தை அளந்துகொள்கின்றன. இரவில் வீட்டார் எழுந்துவிடாமல் இருக்க ஏடிஎம்0 என்ற மோடம் கட்டளையைத் தட்டி ஸ்பீக்கரை அடைத்துவிடுவேன்.

உங்கள் சின்ன ஓட்டை இந்த வகைதான். லேப்டாப்புகளில் பெரும்பாலும் மென்பொருள் மோடம்தான் வைத்தார்கள். கணக்கை எல்லாம் பிராசஸரே போட வேண்டும், டிரைவர் இல்லையென்றால் ஊமை. லினக்ஸ் போட்டுவிட்டு அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டது இதனால்தான். இன்னொன்று: அலுவலகங்களின் டிஜிட்டல் உள் டெலிபோன் இணைப்பில் இதைச் செருகாதீர்கள். ஒருமுறை செருகி ஒரு மோடத்தையே பொசுக்கினேன்.

சுவர்ப் பெட்டி ஏடிஎஸ்எல் (டெலிபோன் கம்பி வழி வரும் பிராட்பேண்ட்) என்றால், அதே செம்புக் கம்பியில் குரலுக்கு மேலே, சுமார் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. அதனால்தான் பேசிக்கொண்டே இணையமும் பார்க்க முடிகிறது.

திருப்புளி:
பயணத்துக்கு என்றால் செல்பேசி வலைப்பின்னல் மோடம்தான். முன்பு பிசிஎம்சிஐஏ கார்டு, அப்புறம் எக்ஸ்பிரஸ்கார்டு என்று பக்கவாட்டில் செருகினோம், அந்தக் காலம் போய்விட்டது. இன்று இரண்டு வழி.

ஒன்று யூஎஸ்பி டாங்கிள், நீங்கள் சொன்ன சிம் போட்டுச் செருகுவது. செருகியதும் சில டாங்கிள்கள் சிடி டிரைவ் போலக் காட்டும், பழுது என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் டிரைவரை நிறுவியபின் மோடமாக மாறிக்கொள்ளும். இது தெரியாமல் நல்ல டாங்கிளைக் கடையில் திருப்பிக் கொடுத்தவன் நான்.

இரண்டாவது, உள்ளே பொருத்தும் கார்டு. அதற்கான ஸ்லாட் பழைய லேப்டாப்பில் மினி பிசிஐஇ, புதியதில் எம்.2. ஸ்லாட் இருந்தால் மட்டும் போதாது. ஆன்டெனாக் கம்பி மூடித் திரையின் ஓரமாக ஓடி ஸ்லாட்டருகே வந்து நிற்க வேண்டும், சிம் போட இடமும் வேண்டும். சில லேப்டாப்களின் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), தயாரித்த நிறுவனம் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது. வாங்கும் முன் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள்.

சின்னஓட்டை:
கழற்றிப் பார்த்தேன் அண்ணே. காலி மினி பிசிஐஇ ஸ்லாட் ஒன்று இருக்கிறது. வைஃபை கார்டுக்குப் போகும் இரண்டு கம்பிகளைத் தவிர வேறு கம்பி இல்லை. பேட்டரிக்கு அடியில் சிம் அளவுக்கு ஒரு பள்ளம், ஆனால் உள்ளே தகடுகள் இல்லை, வெறும் பிளாஸ்டிக்.

திருப்புளி:
அப்படியானால் சிம் வைத்த மாடலின் உடம்பை மட்டும் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். யூஎஸ்பியே போதும். கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் அதுவும் வேண்டாம், சார்ஜர் கேபிளால் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தை லேப்டாப்புக்குப் பகிர்வது) போடுங்கள். போனுக்குள் இருப்பதும் மோடம்தான்.