காலையில் மக்கர் பண்ணும் கார்புரேட்டர் வண்டி: எந்த நிமிஷத்தில் படுத்துகிறது?

பழைய வண்டி காலையில் மக்கர் பண்ணினால் முதல் அடி பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குத்தான். கழற்று, பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை ஊது, கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டைப் பார், திரும்ப மாட்டு. மறுநாள் காலையில் அதே கதை. ஸ்பேனரை எடுக்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: எப்போது படுத்துகிறது? செல்ஃப் அடிக்கும்போதா, பிடித்த கையோடா, சூடேறுகிற நேரத்திலா? நேரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. என் வண்டிக் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் சொல்லுங்கள்.

என்னுடையது ஆட்டோ சோக் வண்டி. சோக் என்பது குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி காற்றை மறைக்கும் தகடு; இதில் அது தானாகவே இயங்கும். காலையில் முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொள்ளும். சில விநாடி ஓடும், அப்புறம் பின்னால் கறுப்புப் புகை, தடதடவென்று உதறல், ஆஃப். அடுத்த தடவை பிளக் எல்லாம் நனைந்து போய் எடுக்காது. ஒரு மெக்கானிக் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகி "பெட்ரோலைக் குறைச்சிட்டேன்" என்றார். அந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கு, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது போகும் கலவையைத்தான் மாற்றும். சோக் மூடியிருக்கும்போது வழிகிற பெட்ரோலை அது என்ன செய்யும்?

ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, மேலிருந்து சோக் தகட்டைப் பார்த்தேன். குளிர்ந்த இன்ஜினில் அது கிட்டத்தட்ட முழுக்க மூடியிருக்க வேண்டும், மூடியிருந்தது. இன்ஜின் பிடித்த மறுகணம் வாக்குவம் (இன்ஜின் உறிஞ்சும் இழுப்பு) ஒரு சின்ன டயாஃப்ரமை (ரப்பர் சவ்வை) இழுத்து, தகட்டைச் சில மில்லிமீட்டர் திறக்க வேண்டும். என் வண்டியில் தகடு அசையவே இல்லை. ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் திறந்து பிடித்தேன். உதறல் அப்படியே அடங்கியது. டயாஃப்ரமின் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்தால் ராடு உள்ளே போய் அங்கேயே நிற்க வேண்டும். இது உடனே வெளியே வந்துவிட்டது. ரப்பர் கிழிந்திருந்தது. டயாஃப்ரம் மாற்றியதோடு சரி, கார்புரேட்டரைப் பிரிக்கவே இல்லை.

பிளக் நனைந்துபோனால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து, பம்ப் பண்ணாமல் அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான ஆட்டோ சோக்குகளில் அது தகட்டைக் கொஞ்சம் திறந்து காற்று விடும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஒரு முறை மிதித்து விடுவதும் அவசியம். மிதித்தால்தான் சோக் மூடும், குளிரில் ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைக்கும் ஃபாஸ்ட் ஐடில் கேமும் இடத்தில் உட்காரும். ஆனால் சோலெக்ஸ் மாதிரி குளிர் ஸ்டார்ட்டுக்கென்றே பெட்ரோல் கொடுக்கும் தனி வழி (ஸ்டார்டர் சர்க்யூட்) உள்ள கார்புரேட்டர் என்றால் நேர் எதிர். சோக் குமிழை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரில் கால் வைத்தால் ஸ்டார்டர் சர்க்யூட்டை இழுக்கும் வாக்குவம் போய்விடும், வண்டி எடுக்காது. வண்டி மாற்றி வண்டி ஓட்டுகிறவர்கள் இதில்தான் திணறுவார்கள்.

*

சார், எனக்கு வந்தது சூடேறும் நேரத்துக் கோளாறு. ஸ்டார்ட் சுத்தம், ஐட்லிங் சுத்தம். கியர் போட்டுக் கிளம்பினால் வெட்டி வெட்டி இழுக்கும், கார்புரேட்டர் வழியாக டப் டப்பென்று தும்மும். தும்மினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்து, ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் தகடான த்ராட்டிலைக் கையால் திறந்து பார்த்தேன். ஆக்சிலேட்டர் பம்ப்பிலிருந்து பெட்ரோல் உடனே நூல் மாதிரி பீச்ச வேண்டும். பீச்சியது. அப்படியானால் பெட்ரோல் வருகிறது, ஆவியாக மாட்டேன் என்கிறது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கலவை இன்ஜினுக்குள் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில், கார்புரேட்டருக்கு நேர் கீழே கை வைத்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் கொதிக்கிறது, இங்கே ஜில்லென்று வியர்த்திருக்கிறது! எக்ஸாஸ்டில் ஹீட் ரைசர் என்று ஒரு வால்வு உண்டு. குளிர்ந்த இன்ஜினில் அது மூடி, சூட்டுப் புகையை மேனிஃபோல்டுக்கு அடியில் திருப்பிவிடும். என்னுடையது திறந்த நிலையிலேயே துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. துரு இளக்கும் ஆயில் விட்டு, இன்ஜின் ஆறியபின் அச்சின் இரண்டு முனையையும் மாறி மாறித் தட்டித் தட்டித்தான் விடுவித்தேன். பொறுமை வேண்டும், பலமாகத் தட்டினால் வார்ப்பில் விரிசல் விழுந்துவிடும்.

இன்னொன்று. பழைய சொந்தக்காரர் பளபளவென்று திறந்த ஏர் ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிட்டு, எக்ஸாஸ்டிலிருந்து சூடான காற்று கொண்டுவரும் குழாயைத் தூக்கி எறிந்திருந்தார். பார்க்க அழகுதான். ஆனால் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும். வெளியே 5 முதல் 10 டிகிரி, காற்றில் ஈரமும் இருந்தால் த்ராட்டில் தகட்டைச் சுற்றிப் பனிக்கட்டியே பிடிக்கும். வண்டி மெதுவாக மூச்சுமுட்டி நிற்கும். பானெட்டைத் திறந்து பிளக் ஸ்பேனரைத் தேடுவதற்குள் இன்ஜின் சூட்டில் பனி உருகிவிடும், வண்டி ஒன்றும் நடக்காதது போல எடுக்கும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது சாட்சி உருகிப் போயிருக்கும்.

*

நம்மகிட்ட இருக்கிறது ட்வின் எஸ்யூ, அதாவது எஸ்யூ கார்புரேட்டர் ரெண்டு. இதுல சோக் தகடே கிடையாது. சோக் குமிழை இழுத்தா ஜெட் கீழ இறங்கும், அதுக்குள்ள நிக்கிற ஊசிக்கும் ஜெட்டுக்கும் இடைவெளி கூடும், பெட்ரோல் அதிகமாப் போகும், அவ்வளவுதான். காலைல நல்லா எடுக்கும். சூடானப்புறம் ஐட்லிங் குதிக்க ஆரம்பிச்சுடும். பிளக்கைக் கழட்டிப் பார்த்தா முன்பக்கம் ரெண்டும் நல்ல பழுப்பு, பின்பக்கம் ரெண்டும் கரி. குமிழை உள்ள தள்ளின பிறகு பின் கார்புரேட்டருக்குக் கீழ விரல் வச்சு அழுத்தினா ஜெட் "டிக்"னு மேல ஏறுது! அதுவரைக்கும் பாதி வழியில மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. ஜெட்டைச் சுத்தம் பண்ணி, லிங்க்குக்கு ஒரு சொட்டு ஆயில், தீர்ந்தது.

குமிழோட ஆரம்ப இழுப்புல ஜெட் இறங்காது, ஐட்லிங் மட்டும் ஏறும். வண்டி பிடிச்சதும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்துட்டா பிளக் கரி பிடிக்காம சூடேறும். கார்புரேட்டர் பிஸ்டன் சட்டுனு எழும்பாம பிடிக்கிற டாம்பர்ல ஆயில் இருக்கான்னும் பாருங்க. வத்திப்போச்சுன்னா மிதிச்சதும் ஒரு கணம் செத்துப் பிழைக்கும்.

*

எல்லோரும் கார்புரேட்டரிலேயே நிற்கிறீர்களே! சாவியை விடும் நேரத்தைக் கவனித்தீர்களா? பாலஸ்ட் ரெசிஸ்டர் (கரண்ட்டைக் குறைக்கும் தடை) உள்ள, காண்டாக்ட் பாயிண்ட்டால் ஸ்பார்க் வரும் பழைய பாயிண்ட் வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி பேட்டரி கரண்ட் நேராக ஸ்பார்க்குக்கான இக்னிஷன் காயிலுக்குப் போகும். சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகப் போகும்.

செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் செத்தால் ரெசிஸ்டர் போயிருக்கலாம். எவ்வளவு அடித்தாலும் எடுக்காமல், சலித்துப்போய் சாவியை விடும் அந்த நொடியில் பிடித்தால் நேர் கரண்ட் ஒயர் வேலை செய்யவில்லை. என் வண்டியில் இரண்டாவது. குளிரில் பேட்டரி ஏற்கெனவே இறங்கும், அதில் ரெசிஸ்டரும் பங்கு கேட்டால் ஸ்பார்க் எங்கிருந்து வரும்? செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சொலினாய்டுக்குப் பின்னால் பச்சைக் களிம்பு பிடித்த ஒரு டெர்மினல், அதிலிருந்து கழன்று தொங்கிய ஒயர். சுரண்டி மாட்டினேன்.

*

அண்ணா, என் வண்டி தினமும் ஓட்டினா பிரச்சனையே இல்ல. ஒரு வாரம் நிறுத்தினா மட்டும் பேட்டரி இறங்குற வரைக்கும் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கு. கார்புரேட்டர் கிட் மாத்தச் சொல்றாங்க.

*

அவசரப்படாதீங்க தம்பி. அடுத்த முறை செல்ஃப் அடிக்கும் முன் த்ராட்டிலைத் திறந்து தொண்டைக்குள் பாருங்க. பெட்ரோல் பீச்சவில்லை என்றால் ஃப்ளோட் கிண்ணம் காலி. கொஞ்சம் செல்ஃப் அடித்துவிட்டு மறுபடி பாருங்க. இப்போது பீச்சினால் பெட்ரோல் பம்ப் வேலை செய்கிறது, நின்ற நாட்களில் பெட்ரோல் ஆவியாகியோ அடியில் கசிந்தோ போயிருக்கிறது. கிண்ணத்தின் அடிப்பக்கம் ஈரக்கறை இருந்தால் கசிவு. இல்லாவிட்டால் மெக்கானிக்கல் பம்ப்பில் கையால் அடிக்கும் நெம்புகோல் இருக்கிறதா பாருங்க, நாலு அடி அடித்துவிட்டு எடுங்க. செல்ஃப் மோட்டாரைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீங்க, ஆறவிட்டு அடிங்க. ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பாட்டிலில் பெட்ரோல் எடுத்துத் தொண்டையில் ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம். தொண்டை வழியாகத் தீ திரும்பி வரும் ஒரு பேக்ஃபயர் போதும், முகம் போய்விடும்.

*

தெர்மோஸ்டாட் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி விட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன. இன்ஜின் சூடேறாது. ஆட்டோ சோக்கைத் திறக்கும் சுருளுக்குக் கூலன்ட்டிலிருந்து சூடு போகும் வண்டியென்றால் சோக்கும் முழுதாகத் திறக்காது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் தெர்மோஸ்டாட்டைப் போட்ட கையோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.