'டீப் சைக்கிள்' பற்றரிக்குத் தமிழ் என்ன?

அன்புடையீர்,

சுற்றுலா வான்களில் குளிர்ப்பெட்டி, விளக்கு, ஒலிபெருக்கி பூட்டுபவர்களுக்கான சிறு கைந்நூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'ஸ்டாட்டிங் பற்றரி', 'டீப் சைக்கிள் பற்றரி' என்ற இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. இணையத்தில் அகப்படுவது 'ஆழ்சுழற்சி மின்கலம்'. அது எனக்கு ஒப்பவில்லை. கிணற்றுக்குள் இறக்கும் பம்பியின் பெயர்போல் இருக்கிறது.

நூல் சொல்லும் வேறுபாடு இதுதான். முதல் வகையில் மெல்லிய தகடுகள் நிறைய. அமிலம் தொடும் பரப்பு கூட. ஆகவே சில செக்கன்களுக்கு நூற்றுக்கணக்கான அம்பியரை அள்ளி வீசும். ஒருமுறை எஞ்சினை எழுப்ப அதன் இருப்பில் ஓரிரு வீதந்தான் போகும். ஓடத் தொடங்கியதும் எஞ்சினோடு சுற்றி மின் ஆக்கும் அல்டனேட்டர் அதை நிரப்பிவிடும். இரண்டாவதில் தகடு தடிப்பு, அதில் அப்பிய பசை அடர்த்தி. ஐந்து பத்து அம்பியரை மணிக்கணக்காகக் கொடுத்து, பாதி வெறுமையாகி, மறுபடி நிரம்பும். பெயரை வாசித்ததுமே எதை எங்கே பூட்டுவதென்று பிடிபட வேண்டும் என்பது என் ஆசை.

கைவசம் உள்ளவை: தொடக்கு மின்கலம், ஆழ்வடி மின்கலம். உங்கள் கருத்து?

மொழிபெயர்ப்பாளர், கொழும்பு 5

---

ஐயா, வணக்கம்.

'மின்கலம்' என்று எழுதிக்கொண்டு, வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனால் ரோச் லைட்டுக்குப் போடுகிற சாமானைத்தான் எடுத்துத் தருவார்கள். பகிடி இருக்கட்டும், வேறொரு சிக்கல் உண்டு. 12 வோல்ட் பெட்டிக்குள் 2 வோல்ட் செல் ஆறு இருக்கிறது. அதில் ஒன்று செத்தால் 12.6 காட்டவேண்டிய மீற்றர் 10.5 காட்டும். செல்லுக்கும் மின்கலம், பெட்டிக்கும் மின்கலம் என்றால் 'ஒரு செல் போச்சு' என்பதை எப்படி எழுதப் போகிறீர்கள்? பற்றரியைப் பற்றரி என்றே விடுங்கோ. முன்னால் வருகிற சொல்லைத்தான் யோசிக்க வேணும்.

'சுழற்சி' வேண்டாம் என்பதற்கு நானும் கை தூக்குகிறேன். பாவிப்பவன் கணக்கெடுக்க வேண்டியது எத்தனை சுற்று என்பதை அல்ல, ஒரு தரத்தில் எவ்வளவு கீழே இறக்கினான் என்பதை. எங்கட சனம் என்ன சொல்லுது? 'பற்றரி இறங்கிப் போச்சு' என்றுதானே. அந்த 'இறக்கம்' என்ற சொல்லை விட்டுவிட்டு ஏன் கிணறு தோண்டுகிறோம்?

இறங்கினால் என்ன நடக்கிறது என்பதும் சொல்லுக்குள் தெரிய வேணும். ஸ்டாட்டிங் பற்றரியின் பசை பஞ்சுபோல் இருக்கும். ஒவ்வொரு தரம் ஆழமாக இறக்கி ஏற்றும்போதும் அது உப்பிச் சுருங்கி உதிரும். உதிர்ந்தது அடியில் சேறாகப் படியும். சேறு உயர்ந்து தகடுகளின் காலைத் தொட்டால் செல் சோட். சில பத்துத் தடவை அப்படி இறக்கினால் வேலை முடிந்தது. நல்ல டீப் சைக்கிள் பெட்டி, பாதிவரை இறக்கினால், சில நூறு தடவை தாங்கும். இறங்கிய நிலையில் கிடக்கவிட்டால் இரண்டுக்கும் ஒரே கேடு: இறங்கும்போது தகட்டில் உண்டாகும் ஈய சல்பேற்று பளிங்காக இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது.

2022 மின்வெட்டு, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. அந்த நேரம் காருக்குரிய 60 அம்பியர்-மணி (அம்பியரை மணித்தியாலத்தால் பெருக்கின கொள்ளளவு) பெட்டியை வீட்டு இன்வேட்டரில் கொழுவினவர்களுக்கு இதுதான் நடந்தது. 300 வாட்ஸ் சுமை, இன்வேட்டரின் இழப்பும் சேர, 12 வோல்ட் பக்கத்தில் கிட்டத்தட்ட 29 அம்பியர். ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பெட்டி பாதிக்குக் கீழே. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் இப்படி இறக்கினால் எந்தக் கார்ப் பற்றரி தாங்கும்?

வாகன மின்வேலை, பஞ்சிகாவத்தை

---

இருவருக்கும் வணக்கம்.

பாடநூல் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். மின்னேற்றம், மின்னிறக்கம் இரண்டும் நம் பிள்ளைகளுக்குப் பழகிய சொற்கள். ஆகவே 'இறக்கம்' வெறும் கடைத்தெருச் சொல் அல்ல. வகுப்பறையிலும் அதற்கு நாற்காலி உண்டு. இப்படிப்பட்ட சொல் அடிக்கடி கிடைப்பதில்லை.

'சைக்கிள்' என்பதற்குத் தமிழ்நாட்டில் சுழற்சி, இங்கே வட்டம். நைதரசன் வட்டம் என்றே படிப்பிக்கிறோம். ஆனால் 'ஆழ்வட்டம்' என்றால் குழி என்றுதான் மாணவர் நினைப்பர். 'சுற்று' நமக்கு ஏற்கெனவே மின்சுற்று. பற்றரியையும் மின்சுற்றையும் ஒரே பந்தியில் பேசவேண்டிய நூலில் அந்தச் சொல் கூடவே கூடாது.

என் முன்மொழிவு: ஆழ் + இறக்கம் = ஆழிறக்கம். ஆழிறக்கப் பற்றரி. விரைந்து வாசிக்கும் கண்ணுக்கு 'ஆழி' முதலில் பட்டு, கடல் நினைவு வரலாம். படகுகளுக்கு விற்கும் பெட்டிகளில் பெரும்பகுதி இதே வகை, அல்லது இரண்டுக்கும் நடுவான வகை என்பதால் அந்தத் தவறு கெடுதி செய்யாது!

'தொடக்கு'தான் தொல்லை. நம்மூரில் பிறப்புக்கும் இறப்புக்கும் காக்கிற துடக்கு யாருக்கு நினைவு வராது? 'தொடக்கு பற்றரி' என்று ஒட்டினால் அதைத் தொட்டவர் முழுகவேண்டும் என்று சிரிப்பார்கள். 'தொடக்கப் பற்றரி' என்றால் பழகுநர் பாவிப்பது என்று பொருள்படும். 'கிளப்பு' எப்படி? வண்டியைக் கிளப்புவது எல்லோருக்கும் தெரிந்த செயல். கிளப்பு பற்றரி, ஆழிறக்கப் பற்றரி.

வரலாற்றுப்படி பார்த்தாலும் கிளப்புகிற வேலை பின்னால் வந்ததுதான். பிரெஞ்சுக்காரர் பிளான்ரே ஈய அமிலக் கலத்தைச் செய்தது 1859இல். தகட்டில் பசை அப்பும் முறையை அவர் நாட்டவரான ஃபோர் கொண்டுவந்தது 1881இல். அமெரிக்கப் பொறியியலாளர் கெற்றரிங்கின் மின் ஸ்டாட்டர் கடிலாக் காரில் ஏறியது 1912இல்தான். ஆகவே 'சாதாரண பற்றரி', 'விசேட பற்றரி' என்று பிரிப்பது தவறு. இரண்டும் தத்தம் வேலைக்கு விசேடமானவையே.

பௌதிகவியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

---

ரீச்சர், 'கிளப்பு' நல்லாயிருக்கு. ஒரு ஓட்டை மட்டும் சொல்லவேணும். அக்குவா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட்டில் இருக்கிற 12 வோல்ட் பற்றரி எஞ்சினைக் கிளப்புவதே இல்லை. அதைப் பெரிய பற்றரி பார்த்துக்கொள்கிறது. சின்னது கணினிகளை எழுப்பி, ரிலே என்கிற மின் ஆளியை மூடி, விளக்குக்குக் கொடுக்கிறது. அதற்குத் 'துணைப் பற்றரி' என்று போடுங்கோ. பிரியஸின் பல மாடல்களில் அது பின்பக்கம், ஆட்கள் இருக்கிற அறையோடு சேர்ந்து இருப்பதால் வாயுக்குழாய் உள்ள ஏ.ஜி.எம். வகைதான் (அமிலத்தைக் கண்ணாடி நாரில் உறிஞ்சிவைத்த, மூடின பெட்டி) போட வேணும். தண்ணி ஊற்றுகிற பெட்டியை அங்கே வைத்தால் ஏற்றும்போது வருகிற ஐதரசன் உள்ளேயே நிற்கும். வானுக்குள் சீற்றுக்குக் கீழே வைக்கிற எந்தப் பெட்டிக்கும் இதே சட்டம்.

சிக்னலில் எஞ்சின் நின்று எழும்புகிற வண்டிகளுக்கு எம்-42, என்-55 என்று வருகிறதே, அது நடு இனம். அடிக்கடி கிளப்பும், கொஞ்சம் இறக்கமும் தாங்கும். அதை ஆழிறக்கம் என்று எழுதினால் பொய்.

இனித் தெரிவு செய்கிற கணக்கு. கைந்நூலில் இது தெளிவில்லாவிட்டால் சொல் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

எஞ்சின் ஓடும்போது மட்டும் பாவிக்கிற சாமானுக்கு இரண்டாவது பற்றரி தேவையில்லை; அல்டனேட்டர் போதுமா என்று மட்டும் பாருங்கோ. எஞ்சின் நிறுத்தி எரிக்கிறதைத்தான் கூட்ட வேணும். குளிர்ப்பெட்டி ஓடும்போது 4 அம்பியர், பாதி நேரம் ஓடும், ஆகவே சராசரி 2. பத்து மணித்தியாலத்துக்கு 20 அம்பியர்-மணி. எல்.ஈ.டி. விளக்கு 1.5 அம்பியர், ஐந்து மணித்தியாலம், 7.5. போன் ஏற்றுவது 2 அம்பியர், நாலு மணித்தியாலம், 8. மொத்தம் 35.5. பாதிக்குக் கீழே இறக்கமாட்டோம் என்றால் 71 வேணும். பெட்டி பழசாகிக் கொள்ளளவு குறையும் என்பதால் 100 எடுங்கோ. அந்த 100உம் 5 அம்பியரில் இருபது மணித்தியாலம் இறக்கி அளந்த 100. 25 அம்பியரில் இழுத்தால் நாலு மணித்தியாலம் வராது, அதற்கு முன்பே விழும். இதைக் கணக்காக்கி 1897இல் எழுதினவர் பொய்க்கேற் என்ற ஜேர்மன்காரர். 'பொய்க் கணக்கு' என்று பெடியங்களுக்குச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

பாக்கிங்கில் நிற்கும்போதும் பதிகிற டாஷ்கமராவை மறக்க வேண்டாம். 0.3 அம்பியர்தானே என்பார்கள். ஒரு நாளைக்கு 7.2 அம்பியர்-மணி. 45 அம்பியர்-மணிக் கிளப்பு பற்றரி மூன்று நாளில் பாதி. வெள்ளி பின்னேரம் நிறுத்தின கார் திங்கள் காலை 'டிக் டிக்' என்பதற்குக் காரணம் ஸ்டாட்டர் அல்ல.

வயரில்தான் கூடப் பேர் கோட்டை விடுவது. இரண்டாவது பற்றரியைப் பின்னால் வைத்தால், முன்னால் இருந்து பின்னுக்கு 4 மீற்றர், போய்வர 8. 40 அம்பியர் ஏற்றும்போது 16 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 0.35 வோல்ட் போகும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் 0.93. அல்டனேட்டர் 14.2 கொடுத்தாலும் பின்பற்றரிக்குப் போய்ச்சேருவது 13.3. அதனால் பெட்டி சரியாக நிரம்பாது, ஆறு மாதத்தில் 'டீப் சைக்கிள் சரியில்லை' என்று கடைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு பற்றரிக்கும் பக்கத்திலேயே ஒவ்வொரு பியூஸ் வேணும். ஒரு முனையில் மட்டும் போட்டால் நடுவில் வயர் உரசிச் சோட் ஆகும்போது மற்றப் பற்றரி எரிக்கும்.

வாகன மின்வேலை, பஞ்சிகாவத்தை

---

அண்ணை, ரீச்சர், நன்றி.

கிளப்பு பற்றரி, ஆழிறக்கப் பற்றரி, துணைப் பற்றரி மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். செல்லுக்குக் 'கலம்'. எத்தனை இறக்கம் தாங்கும் என்பதற்கு, சொற்பட்டியலில் 'ஏற்றிறக்கம்', நூலுக்குள் 'தடவை'. ஏற்றிறக்கம் விலைவாசியை நினைவூட்டுகிறது என்று தெரியும். ஆனாலும் ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்தது ஒன்று என்பதை அதுபோல் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு பற்றரிக்கும் நடுவில் பூட்டும் ரிலேக்கு 'பிரித்தேற்றி' என்று வைக்கிறேன். ஏறத்தாழ 13.3 வோல்ட்டில் இரு பற்றரிகளையும் சேர்த்து, 12.8இல் பிரித்துவிடுகிற பெட்டி.

'கோல்ட் கிராங்கிங் அம்பியர்' ஒன்று மிச்சம். 'குளிர்க்கிளப்பு அம்பியர்' என்று எழுதியிருக்கிறேன். சைபருக்குக் கீழே 18 பாகையில், 30 செக்கன், 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல் கொடுக்கும் மின்னோட்டம். நுவரெலியா உறைபனியும் அந்தக் குளிருக்குக் கிட்ட வராது என்பதால், இங்கே வாங்குபவர் அந்த எண்ணுக்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டாம் என்று ஓர் அடிக்குறிப்பும் சேர்க்கிறேன். நம் சூட்டில் பெட்டியின் ஆயுள் குறைவதுதான் பெரிய கவலை. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகிறது.

ஒட்டவேண்டிய சிட்டையின் வாசகம்:

'இது ஆழிறக்கப் பற்றரி. எஞ்சினைக் கிளப்பப் பாவிக்க வேண்டாம். 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறக்க வேண்டாம். இறக்கிய அன்றே ஏற்றவும்.'

மொழிபெயர்ப்பாளர், கொழும்பு 5

---

ஐயா, சிட்டையில் ஒரு திருத்தம். 12.2 என்று மொட்டையாகப் போட்டால், குளிர்ப்பெட்டி ஓடும்போதே மீற்றரை வைத்து 12.0 பார்த்துப் பயந்துவிடுவார்கள். எஞ்சினை நிறுத்தின கையோடு அளக்கிறவர் தகட்டு மேலோட்டத்தில் நிற்கிற ஏற்றத்தில் 13 பார்த்து ஏமாறுவார். 'சுமை எல்லாம் கழற்றி, எஞ்சின் நிறுத்தி, 2 மணித்தியாலம் கழித்து அளக்கும்போது' என்று முன்னால் போடுங்கோ. இடம் போதாவிட்டால் கடைசி வசனத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் வெட்டலாம்.

வாகன மின்வேலை, பஞ்சிகாவத்தை