சம்பங்கியில் இலை மட்டும் வருகிறது, கிளாடியோலஸ் கிழங்கு அழுகுகிறது. உதவுங்கள்

கேட்டவர்: இங்கே வெயிலும் புழுக்கமும் சேர்ந்தே இருக்கும், ராத்திரியிலும் சூடு இறங்காது. 3 வருஷமாக ஒரே தொட்டியில் சம்பங்கி வைத்திருக்கிறேன். முதல் வருஷம் 4 பூந்தண்டு, போன வருஷம் 1, இப்போது புல்லுக்கட்டு மாதிரி வெறும் இலை. பக்கத்துத் தொட்டியில் 12 கிளாடியோலஸ் கிழங்கு ஊன்றியதில் 5தான் முளைத்தது. மீதியைத் தோண்டினால் கூழாகி நாறுகிறது. தினமும் தண்ணீர், 15 நாளுக்கு ஒருமுறை சாணக் கரைசல். எங்கே தப்பு?

தோட்டக்காரர்: மண் கலவை என்ன? வெயில் எவ்வளவு நேரம் படுகிறது?

கேட்டவர்: செம்மண் பாதி, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பாதி சார். காலையிலிருந்து சாயங்காலம் வரை நல்ல வெயில்.

தோட்டக்காரர்: அப்படியானால் வெயிலில் குறையில்லை. சம்பங்கியில் ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றி வரும் பக்கக் கிழங்குகள் பருத்துத்தான் அடுத்து பூக்கும். உங்கள் தொட்டியில் அவை பருக்கவே இடமில்லை. கொட்டிக் கிழங்குகளைப் பிரித்தெடுங்கள். 2 செ.மீ.க்கு மேல் தடித்ததைத் தனியாக, 5 செ.மீ. ஆழத்தில், ஒரு சாண் இடைவெளி விட்டு நடுங்கள். பொடிக் கிழங்கை வேறு தொட்டியில் வளர்க்கலாம். அது இந்த வருஷம் பூக்காது.

அழுகலுக்குக் காரணம் தண்ணீர். வேர் விடாத கிழங்கு தண்ணீரைக் குடிக்காது, சும்மா ஊறும். நட்டதும் ஒருமுறை ஊற்றிவிட்டு, முளை தெரியும்வரை மேல்மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் விடுங்கள். கோகோபீட்டைக் குறைத்து, மூன்றில் ஒரு பங்கு பருமணல் சேருங்கள். அழுகின மண்ணில் திரும்பக் கிழங்கு வைக்காதீர்கள்.

இன்னொருவர்: அக்கா, பிழைத்த 5 கிளாடியோலஸையும் பாருங்கள். இலையில் வெள்ளிக்கோடு இருந்தால் அது இலைப்பேன் பூச்சி. மொட்டு உறைக்குள்ளேயே கருகிவிடும். எனக்கு இரண்டு பருவம் அப்படித்தான் போனது. வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலம் அடியுங்கள். சாணக் கரைசலையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும். நம் புழுக்கத்துக்கு மழை அல்லியும், வண்ண இலைக்காக வளர்க்கும் கலேடியமும் எவ்வளவோ மேல்!

கேட்டவர்: கொட்டிப் பார்த்தேன். 60க்கு மேல் கிழங்கு, நடுவில் விரல் நுழையவில்லை! தடித்தவை 9தான். அதில் வெட்டுப்பட்ட ஒன்றையும் இன்றே நடலாமா?

தோட்டக்காரர்: வேண்டாம்மா. வெட்டுப்பட்டதை நிழலில் 3 நாள் பரப்பி வையுங்கள், காயம் உலரட்டும். மற்ற 8ஐ இன்றைக்கே நடுங்கள்.

கேட்டவர்: ஆமாம் சார், வெட்டுப்பட்டது ஒன்றுதான். இதோ நடுகிறேன்.