மண்டபத்தில் 1999 மாருதி 800: தரை ஓட்டை விழுந்துவிட்டது, தகடு வைக்கலாமா, காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?

மண்டபம்_800

வணக்கம். வண்டி 1999 மாடல் மாருதி 800, கார்புரேட்டர், ஏசி கிடையாது. 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்ஜினில் குறை இல்லை, காலையில் சோக்கை இழுத்தால் ஒரே செல்ஃபில் எடுத்துக்கொள்கிறது. ஆர்.சி. 2029 வரை இருக்கிறது. தொல்லையெல்லாம் தகரத்தில்தான். வீடு வடகடலை ஒட்டி. வண்டி மணல் தரையில், பிளாஸ்டிக் கவர் போட்டு நிற்கிறது.

முன் இடது பக்கம் கால்மிதி மேட்டுக்கு அடியில் தரை உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. டிரைவர் பக்கம் தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டு பார்க்க நன்றாக இருக்கிறது, பின் சக்கரத்துக்கு முன்னால் மட்டும் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. நாலு நாள் ஓட்டாமல் விட்டால் ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொள்கிறது. பேட்டரி புதுசு, ஆனாலும் ஹெட்லைட் மங்கல்.

ஒரு டிங்கர், ஓட்டை மேல் தகடு வைத்து ரிவிட் அடித்து அடியில் தார் கோட்டிங் கொடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார். செய்வதென்றால் எதை முதலில் செய்வது?

---

தகரவேலை

ரெண்டு பேர் பேச்சையும் தள்ளி வைங்க. முதல்ல வண்டியை ராம்ப்ல ஏத்துங்க. ரன்னிங் போர்டு விளிம்புல ஜாக்கி போடாதீங்க, உள்ளே அரிச்சிருந்தா அந்த மடிப்பு அப்படியே நசுங்கி வண்டி ஆள் மேல உட்காரும்.

கையில ஒரு மழுங்கின ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னச் சுத்தியல் போதும். தட்டுங்க. நல்ல தகரம் கணீர்னு கேக்கும், உள்ளே தின்னது பொத்துன்னு கேக்கும். பொத்துன்னு கேட்ட இடத்துல ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்துங்க. உள்ளே போயிட்டா அது தகரம் இல்லை, பெயிண்டு.

முடிவு எடுக்க வேண்டியது தரையை வச்சு இல்லை. முன் சாக் அப்சார்பர் மேல உட்கார்ற டவர், அது ஏப்ரனோட (இன்ஜின் அறையோட பக்கத் தகடு) சேர்ற மடிப்பு, ஸ்டெபிலைசர் பார் பிராக்கெட் பாடியில பிடிக்கிற இடம், பின் ஆக்ஸிலைப் பிடிச்சிருக்கிற லிங்க் பாடியில சேர்ற போல்ட். இந்த நாலும் கெட்டியா இருந்தா வண்டி நிக்கும். இதுல ஒண்ணு போயிருந்தாலும் வேலை நாலு மடங்காகும், அளவு பிசகினா டயர் ஒரு பக்கமாத் தேயும். அப்ப காயலான் கடைக்குப் போடச் சொன்னவர் பேச்சுதான் சரி. தரையில எவ்வளவு பெரிய ஓட்டையா இருந்தாலும் அது செய்யக்கூடிய வேலைதான்.

நீங்க சொன்ன கொப்பளம்தான் எனக்குச் சந்தேகம். ரன்னிங் போர்டு ஒரு மூடின பெட்டி. கதவு வழியா இறங்குற தண்ணி பின்கோடியில தேங்கும். கொப்பளம் வெளியே தெரியுதுன்னா உள்பக்கம் ஏற்கனவே முடிஞ்சு போச்சு. அதை வெட்டிப் பாக்காம பெயிண்ட் அடிக்காதீங்க.

தரை வேலை இப்படிச் செய்யச் சொல்லுங்க. சீட், மேட், அடியில இருக்கிற பஞ்சு எல்லாத்தையும் எடுக்கணும். தரையில ஒட்டியிருக்கிற தார் பேடையும் சுரண்டி எடுக்கணும், பாதி ஓட்டை அதுக்கு அடியிலதான் ஒளிஞ்சிருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க, ஆல்டர்னேட்டர் வயரையும். பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் தரைக்கு அடியில போகுது, கிளிப்பைக் கழட்டி விலக்கி வைக்கணும். முன் சீட்டுக்குப் பின்னால நெருப்பு படுதுன்னா டேங்க்கையே இறக்கிடுங்க, இதுல சமாதானமே கிடையாது.

அரிச்சதை மட்டும் இல்லை, அதைச் சுத்தி பளபளன்னு நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டணும். 20 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) ஷீட், சீட் கால் வர்ற இடத்துக்கு 18 கேஜ். சுத்தி 15 முதல் 20 மி.மீ. மேலேறுற மாதிரி வெட்டி, அந்த ரெண்டு முகத்துலயும் ஜிங்க் பிரைமர் பூசி, சிஓடூ வெல்டிங்ல 25 மி.மீ.க்கு ஒரு பொட்டு. ஒரே ஓரத்துல தொடர்ந்து ஓட்டாம எதிரெதிரா வைக்கணும், இல்லேன்னா தகடு நெளியும். கேஸ் வெல்டிங் வேண்டாம். சூடு அகலமாப் பரவி, சுத்தியிருக்கிற நல்ல தகரத்தோட பூச்சையும் எரிச்சிடும், அடுத்த துரு அங்கேதான் தொடங்கும்.

ரிவிட்டு ஏன் ஆகாதுன்னா, ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஒரு நூல் இடைவெளி நிக்கும். உப்புத் தண்ணிக்கு அதுவே வீடு. அலுமினிய ரிவிட்டா இருந்தா ரெண்டு உலோகம் சேர்ந்து இன்னும் வேகமா அரிக்கும்.

---

கீழக்கரை காக்கா

தம்பி, மேலே சொன்ன தகர வேலையில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டாம். ஆனால் வெல்டிங் நன்றாக அமைந்தும் பூச்சில் கெட்டுப்போவதுதான் நம்ம கரையில் அதிகம்.

காரணம் உப்பின் குணம். சுத்தமான சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீர்க்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் மத்தியான வெயிலில் காய்ந்ததுபோலத் தெரிகிற தகரமும் உப்புப் படிவத்துக்கு அடியில் ஈரமாகவே இருக்கும். காரைக்குடி சிக்ரிக்காரர்கள் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) அரிப்புச் சோதனை நிலையத்தை உங்கள் ஊர் மண்டபத்தில் வைத்திருப்பது சும்மா இல்லை.

ஆகவே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு நேரே பிரைமர் அடிக்கக்கூடாது. பள்ளப் புள்ளிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, காற்றடித்துக் காயவைத்து ஒரு ராத்திரி அப்படியே விட்டுப் பாருங்கள். வெள்ளையாகத் தேய்த்த இடத்தில் காலையில் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் தெரிந்தால் உப்பு இன்னும் போகவில்லை. மறுபடி தேய்த்துக் கழுவுங்கள். பொட்டு வராத அன்றைக்கு லேசாக எமரி ஓட்டிவிட்டு, அன்றைக்கே பிரைமர். ரஸ்ட் ரிமூவர் போட்டால் அதிலுள்ள அமிலத்தையும் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் எபாக்ஸி பிரைமர் பிடிக்காது.

பிரைமர் ரெண்டு டப்பா கலக்கிற எபாக்ஸியாக இருக்கட்டும். டப்பாவில் போட்ட விகிதத்தைக் கண்ணளவில் கலக்காதீர்கள். ரெண்டு கோட்டு. மடிப்புகளில் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட். அது காய்ந்த பின்னால்தான் அடியில் ரப்பர் கோட்டிங். துரு மேல் தார் அடிப்பது துருவுக்குக் குடை பிடிக்கிற வேலை. தார் இறுகி வெடித்து, வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. பளபளவென்று கறுப்பாக இருக்கிறதே என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம்.

ரன்னிங் போர்டு, கதவு, சேஸிஸ் மெம்பர் இவற்றுக்குள் கேவிட்டி வேக்ஸ் (மூடிய உள்ளறைகளுக்கான மெழுகுப் பூச்சு), நீளக் குழாய் வைத்த ஸ்ப்ரேயில் அடிக்க வேண்டும். வெளிப்பூச்சை விட இதுதான் முக்கியம். கழிவு ஆயிலில் டீசல் கலந்து அடிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சஸ்பென்ஷன் புஷ் ரப்பர் ஊதிப்போகும், பிரேக் டிரம்முக்குள் இறங்கினால் பிரேக்கே இருக்காது.

காலம் பங்குனி சித்திரை. வாடைக் காலத்தில் பெயிண்ட் வேலை வைக்காதீர்கள். அடிக்கிற நேரம் காலை பத்துக்கு மேல், மூன்று மணிக்குள். தகரத்தைத் தொட்டால் இளஞ்சூடு இருக்க வேண்டும்.

---

மண்டபம்_800

நன்றி காக்கா. ராம்ப்பில் ஏற்றித் தட்டிப் பார்த்தாயிற்று. டவர், லிங்க் போல்ட் எல்லாம் கணீரென்று கேட்கிறது. ரன்னிங் போர்டு பின்கோடியில் மட்டும் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. அதையும் வெட்டியே செய்யப் போகிறேன்.

கழுவுவதுதான் குழப்பம். போர் தண்ணி உப்பு, வாளியில் வெள்ளை படிகிறது. காவிரித் தண்ணி குடிக்க மட்டும்தான் வருகிறது. கவர் போடுவது நல்லதா கெட்டதா?

---

கீழக்கரை காக்கா

சேறு மணலைப் போர் தண்ணியிலேயே இறக்கிவிடுங்கள், தப்பில்லை. கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணி. தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கைப்பம்ப் ஸ்ப்ரேயர் புதிதாக ஒன்று, மருந்து படாதது, வாங்கிக்கொள்ளுங்கள். பத்து லிட்டரில் வண்டி முழுக்க அடங்கும். அதில் பாதியை அடிப்பாகத்துக்கு ஒதுக்குங்கள்: சக்கர வளைவின் உள்மடிப்பு, ரன்னிங் போர்டுக்கு அடி, பம்பருக்குப் பின்னால். மேல்பாகம் தன்னால் காயும். ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடி மழைத்தண்ணியைப் பிடித்து வைத்தால் இதைவிட நல்ல தண்ணி கிடையாது. கழுவுவதைக் காலையில் வையுங்கள், சாயங்காலம் கழுவினால் ராத்திரி முழுக்க ஈரத்தோடு நிற்கும்.

அரிச்சல்முனைக்குப் போய் வந்தால் அன்றைக்கே அலசிவிட வேண்டும். ஈர மணலில் இறக்கவே வேண்டாம்.

கவரை எடுத்துவிடுங்கள். மணல் தரையிலிருந்து எழும்புகிற ஈரம் கவருக்குள் வேர்த்து நிற்கும். மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும்தான் வேண்டும். உங்களுக்கு வடகடல், வாடைக் காற்றில்தான் சாரல் வரும், அதனால் வடகிழக்குப் பக்கம் மட்டும் ஒரு தட்டி மறைப்பு. எங்கள் தென்கடல் பக்கம் கச்சானுக்கு (தென்மேற்குக் காற்று) மறைக்கிறோம். தரைக்கு சிமென்ட் போட முடியாவிட்டால் பழைய கடப்பாக்கல் நாலு பரப்புங்கள்.

கதவுக்கு அடியிலும் ரன்னிங் போர்டுக்கு அடியிலும் தண்ணி இறங்கும் துளைகள் உண்டு. புதுக் கோட்டிங் அடிக்கும்போது பெயிண்டர் அவற்றை அடைத்துவிடுவார். தீக்குச்சி செருகி வைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் பிடுங்கிக்கொள்ளலாம்.

---

பரமக்குடி வயர்

ஹெட்லைட் பத்தி யாரும் பேசல. பேட்டரியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி எர்த் பாருங்க.

மல்டிமீட்டரை 20 வோல்ட்ல வைங்க. ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல. இக்னிஷன் காயில் வயரைக் கழட்டிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள காட்டணும். அரை வோல்ட் காட்டினா எர்த் பட்டை போச்சு. அதே மாதிரி இன்ஜின் ஓடும்போது லைட்டைப் போட்டு, பேட்டரியில ஒரு தடவை, பல்பு ஹோல்டர்ல ஒரு தடவை அளந்து பாருங்க. பேட்டரியில 13.8 முதல் 14.4 வரைக்கும் இருந்து, பல்புல 12-க்குக் கீழே இருந்தா நடுவுல எங்கேயோ பச்சை பூத்திருக்கு.

எர்த் போல்ட்டைக் கழட்டி, லக்கையும் (ஒயர் முனையில இருக்கிற வளையம்) பாடியையும் பளிச்சுனு தேய்ச்சு, இறுக்கின பிறகு மேலே வாசலின். பூசிட்டு இறுக்காதீங்க. கனெக்டர்ல பச்சை பிடிச்சிருந்தா கான்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பாருங்க. ஒயரை ஒரு இஞ்ச் சீவிப் பார்த்து உள்ளே கம்பி கறுத்திருந்தா சுத்தம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை, நல்ல செம்பு தெரியிற வரைக்கும் வெட்டிட்டு, ஈயம் பூசின கம்பி இருக்கிற மெரைன் ஒயர் போடுங்க. படகு சாமான் கடையில கேட்டுப் பாருங்க. இணைப்பு மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்குற குழாய்), வெறும் இன்சுலேஷன் டேப் நம்ம ஊர் வெயில்ல ஒழுகிடும். ஹெட்லைட்டுக்கு தனி ரிலே ரெண்டு போட்டா சுவிட்சும் தப்பிக்கும்.

---

தொண்டி வடக்கு

பிரேக் வேலையை வெல்டிங் முடிந்து கோட்டிங் அடிப்பதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். பைப் கிளிப் எல்லாம் ஏற்கனவே கழன்றிருக்கும், கூலி மிச்சம். கிளிப் பிடித்த இடத்தில் பைப்பை எமரியால் தேய்த்து நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் மாற்றியே ஆக வேண்டும். 4.75 மி.மீ. குப்ரோ நிக்கல் பைப், முனை டபுள் ஃபிளேர் (ரெண்டு மடிப்பாக விரித்தது). வெறும் செம்புக் குழாய் அதிர்வில் வெடிக்கும், ஃபிரிட்ஜ் கடையில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஹேண்ட்பிரேக் பிடிப்பது கேபிள் உறைக்குள் துரு, அல்லது பின் வீல் சிலிண்டர் இறுகியது. கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு ஓடாவிட்டால் மாற்றுங்கள், ஆயில் விட்டால் ஒரு மாதம்தான் தாங்கும். சிலிண்டர் உள்சுவரில் புள்ளி விழுந்திருந்தால் ரப்பர் கிட் போடுவது வீண், முழு சிலிண்டர் ரெண்டு பக்கமும். முன் சக்கரக் கேலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். பிரேக் ஆயிலை முழுக்க மாற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு மேல் விடாதீர்கள். நாள்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

டேங்க் இறக்கினால் பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பர் அதற்குச் செய்யப்பட்டதில்லை, ஊதி வெடிக்கும். எத்தனாலும் ஈரம் இழுக்கும் என்பதால் வண்டி நிற்கிற காலத்தில் டேங்க் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. டிங்கர் கிரைண்டரை எடுப்பதற்கு முன், பாடியில் சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து பென்சில் அச்சு எடுத்து வைத்துக்கொண்டு, அதன் மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள். 2029-ல் ஆர்.சி. புதுப்பிக்கும்போது ஆய்வாளர் அந்த எழுத்தைத்தான் தடவிப் பார்ப்பார். துருவிலோ கிரைண்டரிலோ ஒரு எண் மறைந்தாலும் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தும் பாஸ் ஆவது சிக்கலாகிவிடும்.