மறு: ஸ்போர்ட்ஸ் மசாஜ் – தமிழில் என்ன சொல்வது?

> "விளையாட்டு மசாஜ்" என்றே வைத்துக்கொள்வோம், எல்லோருக்கும் புரியும்.

வணக்கம்,

ராணிப்பேட்டை ஐயா சொன்ன இதே சொல்லை வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு ஜிம் வாசலில் பிளக்ஸ் அடித்து வைத்திருக்கிறார்கள். வண்டியின் பின்னால் உட்கார்ந்து அதை வாசித்த என் அம்மா, "மசாஜைக் கூடவா விளையாட்டா பண்ணுவாங்க?" என்று கேட்டார். சிக்கல் அதுதான். விளையாட்டு என்று முன்னால் போட்டாலே நமக்கு வேடிக்கை என்றும் பொருள் வந்துவிடுகிறது. இத்தனைக்கும் அந்தப் பகுதி எடைதூக்குபவர்களுக்குப் பேர்போனது; 2014இலும் 2018இலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் அங்கிருந்து போனவர்தான்.

ஆம்பூர் தோழி "தொக்கணம்" என்றார். அருமையான சொல், சித்த மருத்துவத்தில் மசாஜுக்கு அதுதான் பெயர், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதற்கு ஒன்பது வகையே உண்டு. ஆனால் அது தனக்கென்று ஒரு மருத்துவக் கொள்கையோடு வருகிற சொல், அதை எடுத்து ஃபிசியோ செய்கிற வேலைக்கு ஒட்டினால் இரண்டுக்குமே நியாயம் இல்லை. மற்ற மடல்களில் வந்த பெயர்களில் "பிடித்துவிடல்" எனக்கும் பிடித்ததுதான், ஆனால் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டாலும் நம் ஊரில் பிடிப்புதான். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே வேர் என்றால் கட்டுரை எழுதுகிறவர் பாடு திண்டாட்டம். "களைப்புநீக்கம்" கூடவே கூடாது. அது ஒரு வாக்குறுதி. ஓடும்போது தசையில் சேருகிற லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறோம் என்று இன்றும் சொல்கிறார்கள். ஓடி முடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது தானாகவே இறங்கிவிடும், யார் கையும் தேவையில்லை. மசாஜால் தசைவலி ஓரளவு குறையும், உடம்பு கொஞ்சம் வளையும், மனசு லேசாகும். பலமோ வேகமோ கூடிவிடாது. பெயரும் அந்த அளவுக்குத்தான் பேச வேண்டும்.

என் பரிந்துரை: பொதுவாக மசாஜுக்கு தசைநீவல், ஸ்போர்ட்ஸ் மசாஜுக்கு வீரர் தசைநீவல். நீவல் என்ற சொல் அங்கே போய்விட்டால் எஃப்ளூராஜ் என்கிற நீண்ட தடவலுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு உருவல். காலை நீட்டிப் படுத்தவுடன் எண்ணெய்க் கையால் கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை ஒரே இழுப்பாக, இதயத்தை நோக்கி மேலே கொண்டுபோவார்களே, அதை எங்கள் வீட்டில் உருவிவிடுவது என்றுதான் சொல்வோம் (பர்ஸையும் உருவுவார்கள், தெரியும், சந்தர்ப்பம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்). தசையை அமுக்கிக் கசக்குகிற பெட்ரிசாஜுக்குப் பிசைதல், தாளம் போடுவதுபோல் கையால் அடிக்கிற தபோத்மானுக்குத் தட்டல். சப்பாத்தி மாவுக்கும் பிசைதல்தானே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், கை செய்வது அதையேதான்.

இன்னொரு சொல்லும் வேண்டும். புதிதாகப் பயிற்சி செய்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் வரைக்கும் கூட மாடிப்படி இறங்க விடாத வலி. மறுநாள்வலி என்று வைக்கலாமா? காயத்தால் வருகிற வலியிலிருந்து இதைப் பிரிக்க ஒரு பெயர் கட்டாயம் தேவை. இரண்டு வருடம் முன்பு கோட்டை அகழி ஓரமாக ஓடும்போது கணுக்கால் பிசகி, மறுநாள்வலிதான் என்று நானே முடிவுகட்டி ஒருவரிடம் போய் அமுக்கச் சொன்னேன். அவரும் நல்ல மனசோடு அழுத்தினார், சாயங்காலத்துக்குள் கால் பன் மாதிரி வீங்கியது. புதுக் காயத்திலும் வீக்கத்திலும் அழுத்தவே கூடாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், நேராக டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், தசைக்கு அடியில் வைத்து உருட்டுகிற ஃபோம் ரோலருக்கு "உருட்டுக்கட்டை" என்று போன மடலில் யாரோ எழுதியிருந்தீர்கள். ஐயா, அது அடிதடி வழக்கில் வருகிற பொருள். நுரையுருளை என்று வைப்போமா?