கலைப்பதா, குலைப்பதா?

கேள்வி (கானாடுகாத்தான்):
எங்கள் பூர்வீக வீட்டைப் பார்க்க வருவோர், இரண்டாம் கட்டில் (வீட்டின் உட்பகுதியில்) அடுக்கியிருக்கும் பித்தளை அண்டாக்களையும் ஓலைக் கொட்டான்களையும் (கூடைகளையும்) எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ட இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே வைக்கவுள்ள அறிவிப்புப் பலகைக்கு 'பொருள்களைக் கலைக்காதீர்கள்' என்று எழுதினேன். 'சீர்குலைக்காதீர்கள்' என்றால்தான் அழுத்தமாக இருக்கும் என்கிறார் பெரியப்பச்சி (பெரியப்பா). இரண்டுமே ஒழுங்கைக் கெடுப்பதைத்தானே குறிக்கின்றன? எது பொருந்தும்?

மறுமொழி 1 (காரைக்குடி):
இரண்டும் ஒன்றல்ல. சேர்ந்திருப்பதைப் பிரித்துவிடுவது கலைத்தல்; பிரிந்தவை தத்தம் அளவில் முழுமையாகவே இருக்கும், மீண்டும் சேர்க்கவும் முடியும். கூட்டத்தைக் கலைக்கிறோம், சீட்டைக் கலைத்துப் போடுகிறோம். தமிழகச் சட்டமன்றத்தை 1976இலும் 1991இலும் கலைத்தார்கள் என்றுதான் எழுதுகிறோமே தவிர, குலைத்தார்கள் என்று எவரும் எழுதுவதில்லை. குலைத்தலோ ஒன்றின் கட்டுறுதியையே கெடுப்பது. அதனால்தான் தூக்கம் கலைகிறது, நம்பிக்கை குலைகிறது. ஒற்றுமையைக் குலைத்தார்கள் என்றால் அது எளிதில் ஒட்டாது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. கட்டுக்குலைதல், நிலைகுலைதல், உருக்குலைதல் ஆகிய எல்லாவற்றிலும் இந்தப் பொருளே உள்ளது. கொட்டான் அடுக்கு கலையும். ஒருவர் அதன்மேல் உட்கார்ந்தால் கொட்டான் உருக்குலையும். (உட்காரவும் ஆள் இருக்கிறார்கள்!)

மறுமொழி 2 (தேவகோட்டை):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால், வாழைக்குலையும் 'குலை நடுங்கியது' என்பதில் வரும் ஈரற்குலையும் பெயர்ச்சொற்கள். அவற்றை இந்த வினையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலும், தானாக நிகழ்ந்தால் கலைந்தது, குலைந்தது என்றும், ஒருவர் செய்தால் கலைத்தது, குலைத்தது என்றும் வரும். பலகையில் வெறுமனே 'குலைக்காதீர்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாய் குலைப்பதாகச் சொல்லும் நம் பக்கத்தில், பலகையைப் படிப்பவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

மறுமொழி 3 (பள்ளத்தூர்):
'சீர்குலைத்தல்' பொது அமைதி, சட்டம் ஒழுங்கு போன்றவற்றோடு செய்தித்தாளில் வரும் சொல். அதில் வேண்டுமென்றே கெடுத்தார் என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருப்பதால், விருந்தினராக முகப்பில் ஏறி வந்தவரிடம் சொல்லத்தக்கதன்று. தங்கள் பெரியப்பச்சி கேட்கும் அழுத்தத்தை வேறு சொல்லால் தரலாம்: 'அடுக்கைக் கலைக்க வேண்டாம், எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்கவும்.'