சாயும் மரவேலி: தூண்களை மாற்றுவதா, முட்டுக் கொடுப்பதா?

கேள்வி:
எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே, முன்பு குடியிருந்தவர்கள் அமைத்த ஆறடி உயர மரவேலி இருக்கிறது. பலகைகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்திருப்பதால் மறைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அண்மையில் அடித்த பலத்த காற்றுக்குப் பிறகு, நடுப்பகுதியில் மூன்று தூண்கள் பக்கத்து வீட்டை நோக்கிச் சாய்ந்துவிட்டன. தூண்கள் நான்கு அங்குலச் சதுர மரங்கள். எட்டடிக்கு ஒன்றாகக் கான்கிரீட்டில் நடப்பட்டவை. நிமிர்த்திவிட்டு மேலே இன்னும் கொஞ்சம் கான்கிரீட் ஊற்றினால் போதுமா, அல்லது பிரித்து மீண்டும் கட்ட வேண்டுமா?

மறுமொழி:
மேலே கான்கிரீட் ஊற்றுவது பயன் தராது. முதலில் சாய்ந்ததற்குக் காரணம் மரமா, அடித்தளமா என்று பாருங்கள். தூணைச் சுற்றி அரையடி மண்ணை விலக்கி, தூணைப் பிடித்து அசையுங்கள். கான்கிரீட் கட்டியும் சேர்ந்து ஆடினால் குழியின் ஆழம் போதவில்லை அல்லது மண் இளகியிருக்கிறது என்று பொருள். கட்டி அசையாமல் தூண் மட்டும் ஆடினால் மரம் சுருங்கியோ உளுத்தோ இருக்கும். அடுத்து, தரைமட்டத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதில் இறங்கினால் அந்தத் தூண் உளுத்துவிட்டது. மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் தரைமட்டம் என்பதால், மேலும் கீழும் நன்றாக இருக்கும் தூண்கூட அங்கேதான் முதலில் கெடும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். இரண்டு தூண்களில் கட்டியும் சேர்ந்து ஆடுகிறது; ஆழம் ஒன்றரை அடிதான். மூன்றாவதில் திருப்புளி அங்குலக் கணக்கில் இறங்குகிறது.

மறுமொழி:
அப்படியானால் மூன்றாவதை மாற்றியே ஆக வேண்டும். ஆறடி வேலிக்கு ஒன்பதடித் தூண் எடுத்து, மூன்றில் ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்குவது பழகிய கணக்கு. குழியின் அகலம் தூணைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். குளிரில் நிலம் உறையும் இடமானால் உறையும் ஆழத்தையும் தாண்டிச் செல்லுங்கள். அடியில் அரையடி ஜல்லி பரப்பி அதன்மேல் தூணை நிறுத்தினால் நீர் தேங்காமல் வடியும். கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தரைக்குச் சற்று உயர்த்தி, தூணிலிருந்து வெளிப்புறமாகச் சரித்து விடுங்கள். கிண்ணம் போலக் குழிந்திருந்தால் மழைநீர் அங்கேயே நின்று மரத்தைத் தின்றுவிடும். மற்ற இரண்டிலும் மரம் திடமாக இருப்பதால், உங்கள் பக்கத்தில் ஒரு குட்டைத் தூணை ஆழமாக நட்டு, போல்ட்டால் இணைத்து முட்டுக் கொடுக்கலாம். பார்வைக்கு அழகில்லை என்பது உண்மைதான். நானாக இருந்தால் மூன்றையும் மாற்றிவிடுவேன்.

இன்னொருவர்:
மேலே சொன்னது சரி, ஆனால் காற்றை யாரும் பேசவில்லை. இடைவெளியற்ற வேலி கப்பலின் பாய் போல நிற்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். தூணை மட்டும் மாற்றினால் அதே சுமை மீண்டும் அதன்மீதுதான் விழும். பலகைகளை ஒன்றுவிட்டு ஒன்று கழற்றிக் குறுக்குச் சட்டத்தின் மறுபக்கத்தில், ஓரங்கள் ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு அடித்தால் காற்று ஊடே புகுந்து போகும்; நேராகப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, சாய்வாகப் பார்த்தால் மட்டும் சற்றுத் தெரியும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் கூடுதலாகச் சில பலகைகள் தேவைப்படலாம். இரு வீட்டாருக்கும் ஒரே தோற்றம் கிடைப்பது கூடுதல் நன்மை. ஆனால் பலகையின் கனம் அளவுக்கு வேலி அவர்கள் பக்கம் நகரும். ஆகையால் எல்லைக்கல்லைச் சரிபார்த்து, அவர்களிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். பலகைகளின் அடி தரையைத் தொடாமல் இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கட்டும். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாகவோ, உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தவையாகவோ இருக்க வேண்டும், ஏனெனில் பதப்படுத்திய மரத்திலுள்ள செம்புச் சேர்மம் சாதாரண ஆணிகளை அரித்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மூன்றையும் மாற்றிவிடுகிறேன். கான்கிரீட் ஊற்றிய அன்றே பலகைகளை அடிக்கலாமா?

மறுமொழி:
வேண்டாம். ரசமட்டத்தால் இரு முகங்களிலும் செங்குத்தைப் பார்த்து, சாய்வுச் சட்டங்களால் இரு திசைகளிலும் தூணைத் தாங்கி நிறுத்திவிட்டு, சில நாட்கள் விட்டுவிடுங்கள். கான்கிரீட் முழு வலுவை அடைய ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். ஒரு வாரம் கழித்துப் பலகைகளை ஏற்றலாம், ஆனால் காற்று பலமாக இருக்கும் என்று தெரிந்தால் தாங்குசட்டங்களை இன்னும் சில நாட்கள் விட்டுவையுங்கள்.